பாத்திரம் கழுவுற மெஷினும் சில்லுத் தண்ணியும்

எங்க ஊர் தீர்த்தமலை. தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். பேரிலேயே தண்ணீர் இருக்கும் ஊர். மலை மேலே தீர்த்தகிரீஸ்வரர் கோயில். ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகஸ்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று வரிசையாகத் தீர்த்தங்கள். பூஜைக்குத் தண்ணீர் கிடைக்காமல் ராமர் பாறையில் அம்பு விட்டார், உடனே தண்ணீர் கொட்டியது என்று தல புராணம் சொல்லும். அப்படிப்பட்ட ஊரில் போன லீவில் பதினோரு நாள் நான் சுடுதண்ணிக்காக அலைந்த கதை இது.

சுடுதண்ணி என்றால் குளிக்க இல்லை. பாத்திரம் கழுவுற மெஷினுக்கு.

"தீர்த்தமலையில் டிஷ்வாஷரா?" என்று ஹாஸ்டலில் எல்லோரும் சிரித்தார்கள். ஊரிலும் அதே சிரிப்புதான். அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர். சோறு வடித்த அண்டா, சாம்பார் குண்டான், கரண்டி, பேசின் எல்லாம் தினமும் தேய்க்கணும். வீட்டுக்கு வந்தால் இங்கே ஒரு குவியல். இரண்டு வருஷமாக அம்மாவின் விரல் இடுக்கில் தோல் வெடித்து, எரிச்சல், சில நாள் ரத்தமே கசியும். டாக்டர் பார்த்துவிட்டு, "சோப்புத் தண்ணியில கை வைக்காதீங்கம்மா, க்ளவுஸ் போடுங்க, களிம்பு தடவுங்க" என்றார். அம்மா வெளியே வந்து, "பாத்திரம் தேய்க்கிறவகிட்ட தண்ணியில கை வைக்காதேங்கிறாரு, நல்ல டாக்டரு" என்று சிரித்தாங்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா 2020 லாக்டவுன் நேரத்தில் ஒரு டிஷ்வாஷர் வாங்கியிருந்தாங்க. வேலைக்கு வரும் அம்மாக்கள் வர முடியாமல் போன அந்த வருஷம் நம் நாட்டில் இந்த மெஷினுக்குத் திடீர் கிராக்கி. அக்கா இப்போது வேறு வீடு மாறினபோது, பழைய மெஷினை ஒரு கூட்ஸ் வண்டியில் ஏற்றி எங்களுக்கு அனுப்பிவிட்டாங்க. "தம்பி, நீ இன்ஜினியரிங் தானே, மாட்டிக்குடு" என்று ஒரு போன். அவ்வளவுதான்.

மாட்டினேன். தண்ணீர் உள்ளே போனது, சத்தம் வந்தது, தண்ணீர் வெளியே போனது. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே. சோப்பு மாத்திரை பாதி கரையாமல் மூலையில் கிடந்தது. அம்மா ஒரு டம்ளரைத் தொட்டுப் பார்த்து, "தண்ணி சில்லுனு இருக்கேடா" என்றாங்க. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "இதுக்குப் பேசாம சாம்பலும் தேங்கா நாரும் போதுமே" என்று சொல்லிவிட்டுப் போனாங்க. அன்றைக்கு ராத்திரி எல்லாப் பாத்திரத்தையும் அம்மாவே மறுபடி கையால் தேய்த்தாங்க. அது எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது.

ஏன் சூடு வேணும்?

நாம் கையால் தேய்க்கும்போது நார், விரல், நகம் எல்லாம் சேர்ந்து அழுக்கை எடுக்கும். மெஷினுக்குக் கை கிடையாது. தண்ணீரைப் பீய்ச்சும், அவ்வளவுதான். தேய்க்கிற வேலையைச் சூடும் சோப்பும் பங்கு போட்டுச் செய்யணும். நெய், டால்டா எல்லாம் சூட்டில் உருகினால்தான் கழன்று வரும். மெஷின் சோப்பில் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கிற நொதிகள் இருக்கும். அவையும் வெதுவெதுப்பான தண்ணீரில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். எங்க ஊர்க் களிச்சட்டியை யோசித்துப் பாருங்கள். கேழ்வரகு களி காய்ந்து ஒட்டினால் பச்சைத் தண்ணீருக்கு அசையுமா?

முதல் சந்தேகம், நான் தப்பான புரோகிராம் வைத்துவிட்டேனோ என்று. சும்மா அலசும் புரோகிராமில் மெஷின் தண்ணீரைச் சூடே பண்ணாது. அதனால் இருப்பதிலேயே அதிகமான 70 டிகிரி புரோகிராமை வைத்தேன். பாதியில் நிறுத்தி, ஆவி வருமோ என்று பயந்து பயந்து கதவைத் திறந்தேன். ஆவியும் இல்லை, ஒன்றும் இல்லை. மார்கழி மாசத்துக் குழாய்த் தண்ணி மாதிரி இருந்தது.

அடுத்தது நெட். ஒரு ராத்திரி முழுக்கப் படித்தேன். பாதிப் பேர் சொன்னது: "மெஷினைப் போடும் முன் சிங்க்கில் சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, சூடு வரும் வரை ஓட விடுங்கள்." எங்க வீட்டு சிங்க்கில் ஒரே குழாய்தான் :-) அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அமெரிக்காவில் பெரும்பாலும் மெஷினை வீட்டுச் சுடுதண்ணிக் குழாயோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே சூடு வரவில்லை என்றால் முதலில் வீட்டு ஹீட்டரைத்தான் பார்ப்பார்கள். நம் நாட்டில் விற்கும் மெஷின்கள் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரை உள்ளே இழுத்து, தங்கள் வயிற்றிலேயே காய்ச்சிக்கொள்பவை. அங்கே உள்ள வைத்தியம் இங்கே உதவாது.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப பாய்லர்ல காய்ச்சி நாம ஊத்தினா?" என்றாங்க. ஊற்றியும் பார்த்தோம், இரண்டு சொம்பு. மெஷின் அடுத்த நிமிஷமே அதைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டது. ஆரம்பிக்கும்போது பழைய தண்ணீரை வெளியேற்றுவது அதன் பழக்கமாம்.

இதில் ஒரு சரித்திரமும் உண்டு. ஆள் சுற்றி வேலை வாங்கக்கூடிய நல்ல பாத்திரம் கழுவும் மெஷினுக்கு அமெரிக்காவில் 1886-ல் காப்புரிமை வாங்கியவர் ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அதைக் காட்டினார். ஹோட்டல்காரர்கள் வாங்கினார்கள். வீடுகளில் அவ்வளவாகப் போகவில்லை. காரணம், அன்றைய வீடுகளில் அந்த மெஷின் கேட்கிற அளவுக்குச் சுடுதண்ணி இல்லை, பல ஊர்களில் தண்ணீர் கடினமாக இருந்து சோப்பு நுரைக்கவில்லை. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நூற்றி முப்பது வருஷத்துக்கு முந்தைய வியாதிதான் எங்க வீட்டுக்கும் வந்திருக்கிறது.

மீட்டர் சொன்ன சேதி

சர்வீஸ் நம்பருக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் இருந்தவர் இரண்டே நிமிஷத்தில், "ஹீட்டர் போயிருக்கும் சார், மாத்தணும்" என்றார். ஆள் வர ஒரு வாரம் ஆகும், வந்து போகிற செலவு தனி. பார்க்காமலே சொல்கிறாரே என்று எனக்கு உறுத்தியது. அம்மாவோ, "வேணாம் சாமி, அக்காகிட்ட திருப்பி அனுப்பிடு, காசு செலவு பண்ணாத" என்று ஆரம்பித்துவிட்டாங்க. அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு அனுப்ப மனசு வரவில்லை.

அப்போதுதான் ஒரு யோசனை. ஹீட்டர் வேலை செய்தால் கரண்டை இழுக்கணும். கரண்டை இழுத்தால் வாசலில் இருக்கும் மீட்டருக்குத் தெரியணும். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்குமே, அதுதான் சாட்சி. எங்க மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 1600 சிமிட்டல் என்று எழுதியிருக்கிறது. மெஷின் பின்னாடி ஹீட்டர் 1800 வாட் என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் ஹீட்டர் ஓடும்போது நிமிஷத்துக்கு 48 சிமிட்டல் வரணும்.

ஃபிரிட்ஜ், ஃபேன், லைட்டு எல்லாம் அணைத்துவிட்டு மெஷினை மட்டும் ஓட விட்டேன். மீட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். நிமிஷத்துக்கு மூன்று. அடுத்த நிமிஷமும் மூன்று. கால் மணி நேரம் அப்படியே. மோட்டார் மட்டும்தான் ஓடுகிறது, ஹீட்டர் தொடவே இல்லை.

அப்போ ஹீட்டர் செத்துப் போச்சா? ஊரில் ஒயரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருத்தர் வந்தார். பிளக்கைப் பிடுங்கி, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தார். 29 ஓம். 230 வோல்ட்டில் 1800 வாட் ஹீட்டருக்கு வர வேண்டிய அளவு அதேதான். அறுந்திருந்தால் எதுவுமே காட்டியிருக்காது. "தம்பி, ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. யாரோ அதுக்கு உத்தரவு குடுக்கல" என்றார். (தெரியாதவர்கள் தகட்டைக் கழற்ற வேண்டாம், தயவு செய்து. தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது.)

உத்தரவு யார் கொடுக்கணும்? கையேட்டையும் மெஷின் படத்தையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் மண்டையை உடைத்தேன். ஹீட்டர் தண்ணீர் இல்லாமல் எரிந்தால் கருகிவிடும். அதனால் உள்ளே போதுமான தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் அதை நல்ல அழுத்தத்தோடு சுற்றுகிறதா என்று ஒரு சுவிட்ச் வேவு பார்க்கும். அது சரி என்று சொன்னால்தான் ஹீட்டர் வரும். தண்ணீர் குறைந்தால் மோட்டார் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் வராது, ஹீட்டர் சும்மா இருக்கும். ஹீட்டர் ரிப்பேர் ஆகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இதை அம்மாவிடம் பெருமையாக விளக்கினேன். அம்மா களி கிண்டிக்கொண்டே, "அதான் முத நாளே கேட்டனே. பைப்பு படம் போட்ட லைட்டு எரியுதே, அது என்னாடான்னு" என்றாங்க.

கேட்டாங்க. உண்மையாகவே முதல் நாள் கேட்டாங்க. "அது சும்மா எரியும்மா" என்று நான்தான் சொன்னேன். கையேட்டில் 'தண்ணீர் வரத்தைப் பார்க்கவும்' என்று அதற்கு அர்த்தம் போட்டிருக்கிறது. எங்கே வைத்துக்கொள்வது மூஞ்சியை?

வெள்ளைச் சகதி

குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, மெஷினுக்குத் தண்ணீர் போகும் ஓஸைப் பின்பக்கம் கழற்றினேன். வால்வு வாயில் விரல் நுனி அளவுக்கு ஒரு சல்லடை இருக்கிறது. கண்ணே தெரியவில்லை. வெள்ளையாகச் சுண்ணாம்பும் மண்ணும் சேர்ந்து அடைத்திருந்தது. பெங்களூர்ச் சேமிப்பு கொஞ்சம், எங்க போர்த் தண்ணீர் சேர்த்தது மீதி.

எங்க பக்கம் போர்த் தண்ணீர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படை கட்டும். கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக, படிகிறது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது, வேறு வழியில்லை என்றால் 600 வரை.

தர்மபுரிக்காரர்களுக்குக் 'கெட்ட தண்ணி' என்றால் இன்னொன்றும் ஞாபகம் வரும்: ஃபுளோரைடு. பல்லில் காவி, எலும்பில் வலி. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடினத்தன்மை பாத்திரத்தையும் மெஷினையும் கெடுக்கும், ஃபுளோரைடு மனிதனைக் கெடுக்கும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. மெஷினுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

சல்லடையை எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஊறப் போட்டேன். நுரைத்து நுரைத்துச் சுத்தமாகிவிட்டது. அம்மா புளி போட்டுப் பித்தளைக் குடம் தேய்ப்பதும் இதே வேதியியல்தான், பெயர்தான் வேறு. மெஷினுக்குள் உப்புப் போடும் கிண்ணமும் காலி. உள்ளே இருக்கும் பிசின் மணிகள் தண்ணீரிலிருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல்தான் அவற்றைக் கழுவிப் புதுசாக்கும். அதற்கென்று விற்கும் பெரிய கட்டி உப்பை வாங்கிப் போட்டேன். சமையல் தூள் உப்புப் போடக் கூடாது, அடைத்துக்கொள்ளும்.

மாட்டி ஓட விட்டு, மறுபடி மீட்டர் முன்னால் ஸ்டூல். மூன்று... மூன்று... மூன்று... திடீரென்று விளக்கு படபடவென்று துடிக்க ஆரம்பித்தது. எண்ணினேன். ஐம்பது! தெருவில் போன யாரோ, "என்னப்பா, மீட்டரைப் பார்த்துச் சிரிக்கிற?" என்றார்கள்.

ஆனால் கதை முடியவில்லை

மறுநாள் சாயங்காலம் மறுபடி சில்லு. பைப்பு லைட்டு எரிகிறது. நானே உட்கார்ந்து கவனித்தேன். யாராவது பாத்ரூம் குழாயைத் திறந்தால் மட்டும் இப்படி ஆகிறது. கையேட்டில் குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேணும் என்று இருக்கிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய ஒரு பார். எங்க மாடி டேங்க் மெஷினுக்கு மேலே நாலு மீட்டர். அப்படியென்றால் 0.4 பார். அதிலும் பாத்ரூம் பங்கு கேட்கிறது!

ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டியவர்களுக்குத் தெரியும். சன்னமாக விழுகிற தண்ணீர்தான், ஆனால் மண்டையில் அறைகிற மாதிரி இருக்கும். அத்தனை வேகமும் உயரம் கொடுத்தது. சின்ன வயசிலிருந்து மலை ஏறி அந்த அறை வாங்கியவன், டேங்க் உயரத்தை யோசிக்கப் பதினோராம் நாள் ஆனது.

கொத்தனாரைக் கூப்பிட்டு, மாடியில் செங்கல் தூண் கட்டி டேங்க்கை ஐந்து அடி தூக்கினோம். ஒன்றரை மீட்டர் கூடியது, 0.55 பார். மெஷினுக்குத் தனிக் குழாய் இறக்கினோம். அன்றிலிருந்து பைப்பு லைட்டு எரியவில்லை.

இன்னும் ஒரு சின்ன விஷயம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் 170 காட்டும். அப்போது சிமிட்டல் 28-க்கு வந்துவிடும். வோல்டேஜ் கால்வாசி குறைந்தால் சூடு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், ஏனென்றால் வாட் என்பது வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். நாலு லிட்டர் தண்ணீரையும் பத்துக் கிலோ எவர்சில்வரையும் 28 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக, நல்ல வோல்டேஜில் கணக்குப்படி ஆறரை நிமிஷம், 170-ல் பன்னிரண்டு நிமிஷம். அதனால் அம்மா இப்போது ராத்திரி படுக்கப் போகும்போதுதான் மெஷினைப் போடுறாங்க.

உங்கள் வீட்டில் இப்படி ஆனால், வரிசை இதுதான்: புரோகிராமைப் பாருங்கள், எரிகிற விளக்குக்குக் கையேட்டில் அர்த்தம் பாருங்கள், மீட்டரை எண்ணுங்கள், சல்லடையைக் கழுவுங்கள், டேங்க் உயரத்தை அளங்கள். ஹீட்டரைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். நான் சூட்டைத் தேடிக்கொண்டே இருந்தேன். இல்லாமல் போனது தண்ணீர்.

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. களிச்சட்டியை அம்மா இன்னும் கையால்தான் தேய்க்கிறாங்க, மெஷினை நம்பவில்லை. மற்றதெல்லாம் உள்ளே போகிறது. பள்ளிக்கூடத்தில் இப்போது க்ளவுஸ் போட்டுக்கொள்கிறாங்க. விரல் இடுக்கில் வெடிப்பு பாதி ஆறியிருக்கிறது. பாதிதான். பெரியம்மா மட்டும் அவ்வப்போது, "அந்தக் கண்ணாடி டம்ளரை உள்ள போட்டுக் குடேன்" என்று கொண்டு வர்றாங்க.

போன வாரம் போனில் அம்மா கேட்டாங்க: "ஏன்டா, பள்ளிக்கூடத்து அண்டா இதுக்குள்ள போகுமா?"

போகாதும்மா. லீவு முடிந்து கிளம்பும் முன்னாடியே வந்து அளந்து பார்த்துவிட்டேன்.